நீளக் காம்பு மைக்

"ஏண்டீ, அந்த மனுஷர் கையிலே என்னது, தோசைத் திருப்பி மாதிரி?" என்று கேட்டாள் ஸ்ரீரங்கத்து அத்தை.

பேரன் தன் செல்போனில் பழைய அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தான். 'தி பிரைஸ் இஸ் ரைட்' என்று பெயர். கடைச் சாமான்களின் விலையைச் சரியாக ஊகித்தால் பரிசு! 1972 முதல் 2007 வரை அதை நடத்திய பாப் பார்க்கர் என்பவரின் கையில் எப்போதும் ஒல்லியாய், நீளமாய் ஒரு மைக் இருக்கும். அத்தை கேட்டது அதைத்தான்.

கேள்வி நல்ல கேள்விதான். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. அங்கே பாடியவரின் முகத்தை நேயர் யாரும் பார்க்கப் போவதில்லை. மைக் தேங்காய்ப் பருமன் இருந்தால்தான் என்ன? தொலைக்காட்சி விஷயம் அப்படியல்ல. அங்கே முகம்தான் மூலதனம். சிரிக்கிற வாயை மைக் மறைத்துவிட்டால் என்ன சுவாரஸ்யம்?

மைக்கை மெலிய வைத்தது ஒரு மெல்லிய தகடு. கண்டென்சர் என்ற வகை மைக்கில், அதிர்கிற சவ்வுக்கு வெளியிலிருந்து மின்னேற்றம் தந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும், ஒரு தடவை மின்னேற்றினால் அதை நெடுங்காலம் விடாமல் வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தகட்டைக் கொண்டு மைக் செய்தார்கள். 'எலக்ட்ரெட்' என்று அதற்குப் பெயர். மைக்கின் தலை சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்துவிட்டது.

தலைதான் சிறுத்ததே, காம்பு எதற்கு நீளம்? மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், வந்து சேரும் ஒலியின் வலிமை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். எனவே பேசுகிறவர் வாயருகே மைக் போயாக வேண்டும். அதற்காக, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் மேல் சாய முடியுமா? மரியாதையாக எட்டி நின்று, காம்பை மட்டும் நீட்டினால் போதும். அவர் அளவுக்கு மீறிப் பேசினால் காம்பைத் திருப்பிக்கொள்ளலாம் என்ற சௌகரியமும் உண்டு! பிற்பாடு உடையில் குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக்குகள் வந்து, நீளக் காம்புக்குத் தேவை குறைந்தது.

"அப்போ, மைக்தான் மனுஷாளைத் தேடிண்டு வரணும்கறே!" என்றாள் அத்தை.

அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கீழச் சித்திரை வீதித் திண்ணையில் அத்தை பேசினால் மேலச் சித்திரை வீதிக்குக் கேட்கும். சென்ற மார்கழியில் ஒரு கோலப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு. "இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்றார்கள். ஆறடித் தலைவருக்காக நிறுத்திய மைக் அப்படியே நின்றது. அத்தையோ நாலே முக்காலடி. ஸ்டாண்டைத் தாழ்த்த யாருக்கும் தோன்றவில்லை. அத்தை அண்ணாந்து என்னவோ சொன்னாள். முதல் வரிசையில் இருந்த எனக்கே கேட்கவில்லை. "பாவம், சபைக் கூச்சம்" என்றார் பக்கத்தில் ஒருவர்.

கூச்சமாவது! இருபத்தொரு புள்ளி வைத்து எப்படிப் போட்டாள் என்று அவள் சொல்லியிருந்தால் சபை கை தட்டியிருக்கும். அரை அடிக் குழாய் அதைத் தடுத்துவிட்டது.

நம் ஊரில் பெண்கள் மேடையில் பேசுவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். பள்ளி ஆண்டு விழாவாகட்டும், சங்கக் கூட்டமாகட்டும், அடுத்த தடவை ஒரு பெண்மணி மேடை ஏறும்போது அந்தத் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி, மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். அரை நிமிஷ வேலைதான். பிறகு அவர்கள் பேச்சை நிறுத்துவதுதான் உங்களுக்குப் பாடாக இருக்கும்!