ரசமட்டம்

பொழிச்சலூரில் ஐப்பசி பிறந்துவிட்டால் பேச்சு தானாகவே 2015-க்குப் போய்விடும். சென்ற ஆண்டு அடைமழை தொடங்குவதற்கு முன் ஒரு மாலையில், எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டார்: "தம்பி, உங்க வீட்டுல கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜ் ஒண்ணு இருந்துச்சே, இன்னும் இருக்கா? இவருக்கு இன்சுலின் ஆரம்பிச்சிருக்காங்க. மறுபடி நாள்கணக்குல கரண்ட் போனா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு."

இருந்தது. ஆனால் அது ஓடாது என்பது எங்கள் குடும்பம் எப்போதோ எழுதி முடித்த தீர்ப்பு.

1994-இல் தம்மாமில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிய சித்தப்பா கப்பலில் அனுப்பிய சாமான்களுள் அதுவும் ஒன்று. பாலைவனத்தில் கூடாரம் அடிப்பவர்கள் உடன் எடுத்துச் செல்லும் குளிர்பதனப் பெட்டி; ஒரு டிரங்குப் பெட்டியின் அளவு. வீட்டு மின்சாரம், காரின் 12 வோல்ட் பாட்டரி, சமையல் எரிவாயு ஆகிய மூன்றில் எதிலும் ஓடும் என்றார். எங்களுக்கு எந்தக் கூடாரமும் இல்லாததால் அது பரணுக்குப் போயிற்று.

2015 டிசம்பர் 1 இரவு, பெருமழையோடு செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர, அடையாறு கரைமீறியது. அம்மாவின் இன்சுலின் குப்பிகள் நான்கை எடுத்துக்கொண்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்கு ஏறினோம். மின்சாரம் இல்லை, கைப்பேசியில் தொடர்பு இல்லை. விமான நிலையமும் மூடப்பட்டிருந்ததால், எங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டே இருக்கும் விமானங்களும் இல்லை. பரணிலிருந்த பெட்டியையும் சிலிண்டரையும் மேலே ஏற்றினேன். சுடர் பிடித்தது. மறுநாள் பகல் வரை எரிந்தும் உள்ளே குளிர்ச்சி தட்டவில்லை. "கேஸை அதுக்கு எரிச்சது போதும், ஒரு ரசமாவது வைக்கிறேன்" என்றார் அம்மா. குப்பிகளை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இறக்கி, மேலே ஈரத்துணி சுற்றினார்.

சில மாதங்கள் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில், நான்கு பேர் கேட்க, சித்தப்பாவிடமே சொன்னேன்: "வேலைக்காகாததைத்தானே எங்க தலையில கட்டினீங்க." அவர் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. அம்மா 2019-இல் இறந்தபோதுதான் வந்தார்.

இப்போது அக்கா கேட்டதற்காக அதை இறக்கினேன். பொதுவாக ஒரு ஃப்ரிட்ஜ் ஓடவில்லையென்றால் முதலில் கம்ப்ரஸரைச் சந்தேகிப்போம். இதில் அது கிடையாது. 1922-இல் ஸ்டாக்ஹோமில் பல்தசார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் உருவாக்கிய முறை இது; 1925-இல் எலக்ட்ரோலக்ஸ் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைபட்டிருக்கும். அடியில் சூடேற்றினால் அம்மோனியா ஆவியாகித் தண்ணீரைவிட்டுப் பிரிந்து மேலேறும். மேலே ஆறித் திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கி அங்கே மீண்டும் ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் தண்ணீர் அதைத் திரும்பக் கரைத்துக்கொண்டு அடிக்கு வந்துசேரும். நெருப்பு மூட்டிக் குளிரவைக்கிற விசித்திரம்.

பின்புறக் குழாய்களை முதலில் பார்த்தேன். அம்மோனியா நெடியோ மஞ்சள் கறையோ இருந்தால் குழாய் ஓட்டை. குழாய்களுக்குள் துருப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் குரோமேட் உப்பின் நிறம் அது. கறை இல்லை. மின்சூடேற்றியை மல்டிமீட்டரில் சோதித்தேன். 230 வோல்ட்டில் 85 வாட் என்றால் 620 ஓம் அளவில் காட்ட வேண்டும், ஒன்றும் காட்டவில்லை. கம்பி அறுந்திருந்தது. ரிச்சி தெருவில் தேடியும் பொருத்தமானது கிடைக்கவில்லை. ஆகவே எரிவாயு ஒன்றே வழி. பர்னரின் ஜெட்டை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்பதால் ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதினேன். புகைபோக்கியிலிருந்த திருகுத் தகட்டை உருவிக் கரியைத் தட்டினேன். சுடர் நீலமாயிற்று. பல ஆண்டுகள் படுத்துக் கிடந்த பெட்டியைத் தலைகீழாக ஓரிரவு வைத்து நிமிர்த்தும் வழக்கம் உண்டென்பதால் அதையும் செய்தேன். பின் காற்றோட்டம் கருதி அதே மாடியில் வைத்துப் பற்றவைத்தேன். அதே கதைதான்.

பம்மலிலிருந்து ஒரு முதிய மெக்கானிக்கை அழைத்து வந்தேன். "கம்ப்ரஸரே இல்லியே சார், நான் இந்த மாதிரி பார்த்ததில்ல" என்றார். ஆனாலும் பின்பக்கக் குழாய்களை மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். "இங்க கொதிக்குது. இந்தப் பக்கம் பச்சத்தண்ணியா இருக்கு. மேல போனது கீழ எறங்கல சார்."

அந்தச் சொல்லைக் கேட்டதும், 2015-இல் அம்மா பரிமாறிய ரசம் கண்முன் வந்தது. தட்டில் ஊற்றிய ரசம் சோற்றைவிட்டு ஒரு பக்கமாக ஓடித் தேங்க, "இந்த மாடியில ஒண்ணும் நிக்காது போல" என்று சிரித்தார். மழைநீர் வடிவதற்காக மொட்டை மாடித் தளத்தை வாட்டம் வைத்துத்தானே போடுவார்கள்! பம்பு இல்லாத இந்தப் பெட்டியிலோ, திரவம் இறங்குவதெல்லாம் தன் எடையால்தான். குழாய்களுக்குரிய மெல்லிய சரிவு பிசகினால் ஓட்டம் நின்றுவிடும். அம்மா அன்றே காரணத்தைச் சொல்லியிருந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் தெருவில் வேலை செய்த கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கினேன். இரண்டு ஓட்டுச் சில்லுகளை அடியில் கொடுத்ததும் குமிழி நடுவுக்கு வந்தது. எட்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது வெளியே 27 டிகிரி, உள்ளே 6.

சித்தப்பாவைத் தஞ்சாவூருக்கு அழைத்தேன். "உங்க பெட்டி ஓடுது சித்தப்பா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "மட்டம் பார்த்தியா?"

"இப்பதான் பார்த்தேன்."

"அதைச் சொல்லத்தான் வெள்ளத்தன்னிக்குப் பத்துத் தடவை போன் போட்டேன். லைன் கெடைக்கல. அப்புறம் கல்யாணத்துல நீ பேசினப்போ, சொல்லத் தோணல."

மன்னிப்புக் கேட்டேன். "அண்ணிக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றார். உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. திறக்காத குப்பிகளுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும் என்றாலும், பெரும்பாலான இன்சுலின் வகைகள் கடும் வெயில் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். அம்மாவின் பானையே போதுமாக இருந்தது. சித்தப்பா மேல் எனக்கு வந்த கோபத்துக்குத்தான் காரணம் இல்லாமல் போயிற்று.

பெட்டி இப்போது எதிர்வீட்டில் இருக்கிறது. படுக்கையறையில் எரியவிடக் கூடாது, பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குப்பி உள்ளிருக்கும் குளிர்தகட்டை ஒட்டி உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வெளி வெப்பத்திலிருந்து இருபது, இருபத்தைந்து டிகிரிதான் இது குறைக்கும். சித்திரை வெயிலில் நம்பமுடியாது, மழைக்காலத்துக்கு உதவும் என்றேன்.

"மட்டம் எப்படித் தம்பி பார்க்கிறது?" என்றார் அக்கா.

ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.