பெரிய மீனை என்ன செய்வது?

சிட்னியிலிருந்து வடக்கே காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போனால் மக்குவாரி ஏரி வரும். பெயர்தான் ஏரி. தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும்! சுவான்சி என்ற ஊரில் ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று இருக்கிறது. அதன் வழியாகத்தான் கடல்நீர் ஏரிக்குள் வருகிறது, திரும்பிப் போகிறது. கடலோடு இப்படிச் சேர்ந்திருக்கும் நீர்நிலையைத் தமிழில் வாவி என்றும் களப்பு என்றும் சொல்வார்கள். மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயருக்குள்ளேயே அந்தச் சொல் இருக்கிறது, பார்த்தீர்களா?

மக்குவாரி ஏரி மிகவும் பெரியது. அதன் பரப்பு சுமார் 110 சதுர கிலோமீற்றர். சிட்னித் துறைமுகத்தைப் போல இரண்டு மடங்கு. இந்த நிலத்தின் ஆதிக்குடிகள் அவபாகல் மக்கள். நாங்கள் தூண்டிலோடு வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் இங்கே மீன் பிடித்துச் சாப்பிட்டார்கள்.

2002ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏரியில் விற்பனைக்காக மீன் பிடிக்க முடியாது. பொழுதுபோக்காக மட்டும் பிடிக்கலாம். அதற்கும் பெரியவர்கள் அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். எனக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை. அதனால் எனக்குக் கட்டணம் இல்லை!

போன டிசம்பர் விடுமுறைக்கு மட்டக்களப்பிலிருந்து என் அம்மப்பா வந்திருந்தார். அப்பா அவருக்கும் ஒரு மாதக் கட்டணம் கட்டினார். அம்மப்பாவால் நம்பவே முடியவில்லை.

"என்ன, மீன் பிடிக்கக் காசா? தண்ணிக்குள்ள கிடக்கிற மீனுக்கு ஆர் கணக்கு வச்சிருக்கிற?" என்று கேட்டார்.

அம்மப்பா வாவிக்கரையில் வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்தே வீச்சு வலை வீசிப் பழகியவர். "ஒரு வலை இருந்தாக் காணும். அரை மணித்தியாலத்தில கறிக்கு மீன் கிடைக்கும்" என்றார். ஆனால் இங்கே வீச்சு வலை வீசுவது சட்டப்படி குற்றம். தூண்டில்தான். "சரி புள்ள, அப்ப நீதான் எனக்கு வாத்தியார்" என்று சிரித்தார்.

அந்த நாலு வாரமும் நான் அவருக்கு ஏரியைக் காட்டினேன். எந்த மீனுக்கு எந்த இடம், எந்த இரை என்று சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பிரீம். கல், பாலம், படகுத்துறையின் தூண் இருக்கும் இடங்களில் பிரீம் சுற்றித் திரியும். தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைக் கொத்தித் தின்னும். இதற்கு இறால் நல்ல இரை. மடவை மீன் துண்டும் போடலாம். பிரீம் சந்தேகக்காரன். கனமான ஈயக்குண்டு கட்டினால் இழுவை தெரிந்து இரையை விட்டுவிடும். ஆகவே ஈயம் சிறியதாக இருக்க வேண்டும்.

அடுத்தது வைற்றிங். நம் கடலில் இருக்கும் கிழங்கான் மீனுக்கு இது உறவு. ஆழம் குறைந்த மணல்தரையில் வாயால் மணலைக் கிண்டி உணவு தேடும். மணலுக்குள் இருக்கும் புழுவும் சிறிய இறால் போன்ற பிராணிகளும் அதற்குப் பிடிக்கும். ஆகவே அவற்றையே தூண்டில் முள்ளில் குத்த வேண்டும். இரையை ஒரே இடத்தில் வைத்திருக்காமல் மெதுவாக இழுத்தால் வைற்றிங் துரத்திக்கொண்டு வரும்.

லுடெரிக் என்றொரு மீன் இருக்கிறது. அதை நாங்கள் வீட்டில் "சைவ மீன்" என்று சொல்வோம். அது முக்கியமாகப் பாசியைத்தான் தின்னும்! சுவான்சி வாய்க்காலின் கல்லணையில் நின்று, நூலில் மிதவை கட்டி, முள்ளில் பச்சைப் பாசியைச் சுற்றிப் போட வேண்டும். மிதவை மெல்லத் தாழும்போது அவசரப்படக் கூடாது. அம்மப்பாவுக்கு இது மிகவும் பிடித்துக்கொண்டது. "புல்லுப் போட்டு மீன் பிடிக்கிற நாட்ட இப்பதான் பார்க்கிறன்" என்று எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னார்.

டெய்லர் என்ற மீனும் உண்டு. பெயர் தையற்காரர் என்றாலும் அது தைப்பதில்லை, வெட்டும்! பல் அவ்வளவு கூர்மை. நூலையே அறுத்துவிடும். குளிர்காலத்தில் டெய்லர் பிடிக்க மயூனா பே பக்கம் போவார்கள். அங்கே எராரிங் மின்நிலையம் இருக்கிறது. அது ஏரித் தண்ணீரை எடுத்து இயந்திரங்களைக் குளிரவைத்துவிட்டு, சூடான தண்ணீரை மீண்டும் ஏரிக்குள் விடுகிறது. குளிருக்கு நாம் ஹீட்டர் பக்கத்தில் போய் இருப்பதுபோல, மீன்களும் அந்தச் சூட்டைத் தேடி வருகின்றன.

கணவாய் வேண்டுமா? கடற்புல் வளரும் இடத்துக்குப் போங்கள். இறால் வடிவத்தில் செய்த பொய் இரையைப் புல்லுக்கு மேலே துள்ளித் துள்ளிப் போகும்படி இழுங்கள். இரவில் படகுத்துறை விளக்கின் கீழே சிறிய மீன்கள் கூடும். அவற்றைத் தின்னக் கணவாயும் வரும்.

கடைசியாக ஃபிளாட்ஹெட். பெயருக்கு ஏற்றபடி தலை தட்டையாக இருக்கும். மணல் நிறத்தில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இரண்டு கண்கள் மட்டும் மேலே தெரியும். ஏதாவது மேலே நீந்திப் போனால் ஒரே பாய்ச்சல்! வாய்க்கால் ஏரிக்குள் திறக்கும் இடத்தில் மணல்திட்டு முடிந்து, தண்ணீர் திடீரென்று ஆழமாகும். தண்ணீர் வற்றும்போது சிறிய மீன்கள் திட்டிலிருந்து இறங்கி வரும். அவற்றுக்காக ஃபிளாட்ஹெட் அந்தச் சரிவில் காத்திருக்கும். ரப்பர் மீன் ஒன்றை அடியில் விட்டு, தடியை மேலே தூக்கி, பிறகு விழவிட வேண்டும். தூக்கு, விழவிடு, தூக்கு, விழவிடு. பெரும்பாலும் விழும்போதுதான் கடிக்கும்.

ஜனவரி மாதம் ஒருநாள் விடியற்காலை, அப்பாவின் நண்பருடைய படகில் அந்தச் சரிவுக்குப் போனோம். அம்மப்பாவின் தடி திடீரென்று வளைந்தது. முதலில் கல்லில் சிக்கியது என்று நினைத்தோம். கல் நகர்ந்தது! பத்து நிமிடம் இழுத்தும் விட்டும், மீனைப் படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அப்பா அத்தாங்கைப் போட்டுத் தூக்கினார். இவ்வளவு பெரிய ஃபிளாட்ஹெட்டை நான் பார்த்ததே இல்லை. அம்மப்பாவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"இண்டைக்கு வீட்டில எல்லாருக்கும் கறி, பொரியல், சொதி!" என்றார்.

நான் ஈரப் பாயில் மீனை வைத்து அளந்தேன். 74 சென்ரிமீற்றர்.

நியூ சவுத் வேல்ஸில் பிரீம் 25 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். வைற்றிங் 27 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். அதைவிடச் சின்னது என்றால் விட்டுவிட வேண்டும். இது எல்லோருக்கும் விளங்கும். ஆனால் இந்த வகை ஃபிளாட்ஹெட்டுக்கு இரண்டு பக்கமும் எல்லை உண்டு. 36 சென்ரிமீற்றருக்குக் குறைந்தாலும் விட வேண்டும், 70 சென்ரிமீற்றரைத் தாண்டினாலும் விட வேண்டும்.

"அம்மப்பா, இத விடணும்."

"என்ன?"

"இது பெரிசு. எழுபதுக்கு மேல. விடணும்."

"சின்னத விடச் சொன்னா நியாயம். பெரிச ஏன் விடணும்? ஆர் சொன்ன?"

"சட்டம் இருக்கு, அம்மப்பா."

"சட்டத்துக்குப் பசிக்குமா?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. அத்தாங்கோடு மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் நெடுநேரம் அப்படி வைத்திருக்க முடியாது. காரணம் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். தமிழில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த சொற்களைத் தேடினேன்.

"அம்மப்பா, இது... பொம்பிள மீன். இந்த மீனில பெரிசெல்லாம் பொம்பிளதான். வயித்துக்குள்ள முட்டை இருக்கும். கொஞ்சமில்ல, இலட்சக்கணக்கில. இப்ப வெயில் காலம். முட்டை போடத்தான் இந்த வாய்க்காலுக்கு வருது."

அம்மப்பா என்னைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்தார்.

"சினை மீன் எண்டு சொல்லு, புள்ள."

"சினை எண்டா?"

"மீன்ட வயித்துக்குள்ள இருக்கிற முட்டைக்குப் பேர் சினை."

"ஓம் அம்மப்பா! சினை!"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள பிடிச்ச சில மீன் இப்ப எங்கட வாவியில காணல்ல. சினையெண்டு தெரிஞ்சும் நாங்க ஒருத்தரும் விடல்ல. சினைதான் ருசி எண்டு தின்டம்."

அத்தாங்கை அப்பாவிடமிருந்து வாங்கினார். கையை நனைத்துக்கொண்டார். மீனின் செவுள் மூடியில் கூர்மையான முள் இருக்கும் என்று நான் சொன்னேன். "தெரியும், தெரியும்" என்றார். குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றினார். மீனின் வயிற்றின் கீழே கையைக் கொடுத்து, தண்ணீருக்குள் நேராகப் பிடித்தார். செவுள் திறந்து மூடியது. வால் ஒருமுறை அடித்தது. தண்ணீர் அம்மப்பாவின் முகத்தில் தெறித்தது. மீன் போய்விட்டது.

அன்று இரவு இரண்டு பிரீம் மட்டும் சமைத்தோம். சொதி நன்றாக இருந்தது. அம்மப்பா ஊருக்குத் தொலைபேசி எடுத்து, "இவ்வளவு பெரிய மீன்!" என்று கையை விரித்துக் காட்டினார். அது வீடியோ அழைப்பு இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நீங்களும் மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால், சில விடயங்களை நினைவில் வையுங்கள். மீனைத் தொடமுன் கையை நனையுங்கள். மீனின் உடம்பில் வழுவழுப்பான ஒரு படலம் இருக்கிறது. அது மீனை நோயிலிருந்து காக்கிறது. காய்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். மீன் முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காதீர்கள். வாய்க்குப் பக்கத்தில் நூலை வெட்டிவிடுங்கள். படம் எடுப்பதென்றால், எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்குங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு நீங்கள் எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? அதைவிடக் குறைந்த நேரம்தான் மீனும் வெளியே இருக்க வேண்டும்.

வெட்டிய நூலைத் தண்ணீரில் போடாதீர்கள். சுவான்சியில் கூழைக்கடாக்கள் படகுத்துறையிலேயே நிற்கும். நூல் அவற்றின் காலிலும் அலகிலும் சிக்கினால் பறக்கவும் முடியாது, தின்னவும் முடியாது. நான் ஒரு பழைய ஜாம் போத்தல் கொண்டுபோவேன். அறுந்த நூலையெல்லாம் அதற்குள் போட்டு மூடுவேன். அந்தப் போத்தலின் மூடியில் அம்மப்பா பேனாவால் எழுதிய ஒரு சொல் இன்னும் இருக்கிறது: தங்கூசி. நைலோன் நூலுக்கு ஊரில் அதுதான் பெயராம்.