திரும்பும் வழியில் மூன்று நாட்கள்

பிரயாணம் புறப்படும் நாளின் ஆரவாரத்தைப் பற்றி எழுதியோர் அநேகர். மூட்டை கட்டுவது, அயலாரிடம் சொல்லிக்கொள்வது, தேங்காய் உடைத்துக் காரின் சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைப்பது என்று அந்நாளுக்குரிய சடங்குகள் பல. திரும்பி வரும் நாட்களுக்கோ சடங்கு எதுவும் இல்லை. கையிலுள்ள பணம் குறைந்துவிடும், உடைகள் அழுக்காகிவிடும், காரில் இருந்து கதைப்பதற்கும் புதிதாக ஒன்றும் இராது. ஆனால், எதற்காகப் புறப்பட்டோம் என்பது அந்தக் கடைசி நாட்களிலேதான் துலங்குகிறது என்பது எமது எண்ணம். சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் நாமும் எமது துணைவியாரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஜிந்துப்பிட்டிக்குக் காரில் திரும்பிய மூன்று நாட்களை வைத்தே இவ்வாறு சொல்லத் துணிகிறோம்.

உண்மையில் நாம் செய்ய எண்ணியிருந்த காரோட்டம் இதுவன்று. துணைவியாரின் தம்பி நெடுங்காலமாக ஜெர்மனியில் வாழ்கிறார். "நீங்கள் வந்து இறங்கினால் போதும், அத்தான். மிகுதியை என்னுடைய கார் பார்த்துக்கொள்ளும்" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டேயிருப்பார். 2002ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில், அங்கிருந்து றைன் நதிக்கரை வழியே சுவிற்சர்லாந்து, பின்னர் பாரிஸ் மாநகரில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதி, அங்கே மாணிக்க விநாயகர் தேர் என்று இரண்டு கிழமைக்கு அவர் திட்டமும் வகுத்திருந்தார். அதற்கென நாம் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தோம். 2022ஆம் ஆண்டில், 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியபோது, எமது சேமிப்பு உருகிப் போயிற்று என்றே தோன்றியது. ஆயினும் விடாது சேர்த்தோம்.

இந்நிலையில் அவரிடமிருந்து வேறொரு செய்தி வந்தது. மயிலிட்டியிலே இருவருக்கும் பெற்றோர் வழி வந்த எட்டுப் பரப்பு வளவு ஒன்று உண்டு. அதனை வாங்க ஒருவர் முன்வந்திருக்கிறார். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, பங்கு நிலத்தை விற்க எண்ணுபவர் முதலில் தம் பங்காளருக்கு அறிவித்தல் வேண்டும். ஆகவே தம்பி முறைப்படி அறிவித்தார்: "அக்கா என் பங்கை வாங்குவதானால் வாங்கட்டும். இல்லையேல் இருவர் பங்கையும் சேர்த்து விற்றுவிடுவோம். விடுமுறை முடியுமுன் மறுமொழி சொல்லுங்கள்." அவருடைய பங்கின் விலையும், ஐரோப்பாவுக்கென நாம் சேர்த்து வைத்திருந்த பணமும் ஏறக்குறைய ஒரே தொகையாய் இருந்தன. இரண்டிலும் ஒன்றுதான் எம்மால் இயலும். நிலத்தை நேரிற் பார்த்து முடிவு செய்வோம் என்று எமது பழைய காரில் வடக்கே புறப்பட்டோம்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது துணைவியாருக்கு வயது ஒன்பது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையிலே மக்களிடம் மீண்டது. எமது வளவு அதற்குப் பின்னரே விடுவிக்கப்பட்டது. நாம் சென்று பார்த்தபோது சுவர்கள் நின்றன, கூரை இல்லை. அடுக்களை இருந்த இடத்தில் ஓர் ஆலங்கன்று வேரூன்றியிருந்தது. கிணற்றின் துலாவைக் காணவில்லை. கிணறு மாத்திரம் கல்லும் சருகும் நிறைந்து கிடந்தது. துணைவியார் கண்ணீர் விடுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ சுற்றிலும் பார்த்துவிட்டு, "இதற்கா இத்தனை வருடம் உறுதியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தோம்? விற்றுவிடலாம்" என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கண்டி வீதியாற் புறப்பட்டால் ஒரே நாளில் வந்து சேரலாம். "அவ்வழி வேண்டாம், மன்னார்ப் பக்கமாகப் போவோம்" என்றார் துணைவியார். ஏன் என்று நாம் கேட்கவில்லை.

முதல் நாட் காலையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தது இவ்வழியாலேதான். துணைவியாரும் தம்பியாரும் பெற்றோருடன் அக்கூட்டத்தில் இருந்தனர். "தம்பி என் பாவாடையைப் பிடித்தபடியே வந்தான். எங்கே போகிறோம் என்று அவன் கேட்கவில்லை, எப்போது திரும்புவோம் என்றுதான் கேட்டான்" என்றார் அவர். பாலம் கழிந்ததும் பேச்சும் நின்றது.

பின்னர் வலப்புறம் திரும்பிச் சங்குப்பிட்டியை அடைந்தோம். முன்னாளிற் பாதையில் ஏற்றி வண்டிகளைக் கடத்திய கடல்நீரேரிக்கு மேலாக 288 மீற்றர் நீளமான பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாலத்தைக் கடந்தால் பூநகரி. அப்பால் பனங்கூடல்களும் பற்றைக்காடுகளும் உவர்வெளிகளுமாய் வீதி நேராக ஓடுகிறது. விடத்தல்தீவுக்கு அண்மையில் ஒரு சில்லுக்குக் காற்றுப் போயிற்று. வேறு சில்லு மாட்டும்வரை துணைவியார் வீதியோரத்திற் கிடந்த பனம்பழம் ஒன்றைக் கையில் எடுத்து மணந்து பார்த்துக்கொண்டு நின்றார். அதைக் காரில் வைத்துக்கொள்ளவும் மறக்கவில்லை.

பிற்பகலில் திருக்கேதீச்சரம் சேர்ந்தோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலத்தைப் பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்தனர். முந்நூறு ஆண்டுகளாகக் கோயில் இருந்த இடமும் தெரியாமற் காடு மூடியது. ஆறுமுக நாவலர் 1872ஆம் ஆண்டில் இதனைப் பற்றி விண்ணப்பம் வெளியிட்டார். 1893இல் சைவ மக்கள் அந்நிலத்தை விலை கொடுத்து வாங்கினர். 1903இல் சிறு கோயில் ஒன்று எழுந்தது. போரினால் மீண்டும் நலிவுற்று, கருங்கற்றிருப்பணி நிறைவேறி 2022 ஜூலையிலே குடமுழுக்கு நடைபெற்றது. பாலாவித் தீர்த்தக் கரையில் இருந்தபோது இவ்வரலாற்றைத் துணைவியாருக்குச் சொன்னோம். "1893இல் நிலத்தை வாங்கியவர்கள் இந்தக் கோபுரத்தைப் பார்த்திருக்க மாட்டார்களே" என்றார். "பார்க்கவில்லை" என்றோம். அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு மன்னாரில் தங்கினோம். வீதிகளிற் கழுதைகள் தம் விருப்பப்படி உலாவும் ஊர் அது. பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரத்தையும் மாலையிற் சென்று பார்த்தோம். ஆபிரிக்கா கண்டத்துக்குரிய மரம். முன்னாளில் அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர். ஏறக்குறைய 19 மீற்றர் சுற்றளவுள்ள அதன் அடியில் நிற்கும்போதே தம்பியாரின் தொலைபேசி அழைப்பு வந்தது. பாரிஸ் தேருக்காகக் குடும்பத்துடன் காரிற் புறப்பட்டவர், வழியில் இளைப்பாறும் இடமொன்றில் நிறுத்தியிருந்தார். "பெல்ஜியத்துக்குள் வந்துவிட்டோம், அக்கா. எல்லையில் ஒரு நீலப் பலகைதான் நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை" என்றார்.

ஜெர்மனி, பிரான்சு, பெல்ஜியம் முதலான ஏழு நாடுகள் தமக்கிடையேயுள்ள எல்லைச் சோதனைகளை நீக்கியது 1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். அதே ஆண்டில் நாவற்குழிப் பாலத்தில் நடந்ததை மேலே கூறினோம். அதன்பின் 2002 முதல் 2006 வரையான சமாதான காலத்திலுங்கூட, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, இரு தரப்பாருடைய கேள்விகளுக்கும் விடை சொல்லியே கடக்க வேண்டியிருந்தது. பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்த பையன், கேள்வியின்றி நாடு கடக்கும் வீதியில் இன்று கார் ஓட்டுகிறான் என்பதில் எமக்கு மகிழ்ச்சியே. அவனிடம் சென்று அந்த வீதியிற் கூடவே போக வேண்டும் என்ற ஆசை துணைவியாருக்கு எவ்வளவு என்பதையும் அன்றிரவு அறிந்தோம். "அவனைக் கண்டு பன்னிரண்டு வருடம். மண் எங்கே போகப்போகிறது? தம்பியைத்தான் பார்க்க வேண்டும்" என்றார். மறுப்பதற்கு எமக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் மடுத் தேவாலயத்துக்குச் சென்றோம். சைவர்களும் நேர்த்தி வைத்துச் செல்லும் தலம் அது. பின்னர் மதவாச்சி, அனுராதபுரம் வழியாக மாலையிற் புத்தளத்தை அடைந்தோம். தேநீர் அருந்த இறங்கிய கடையின் உரிமையாளர், எமது பேச்சைக் கேட்டதும், "வடக்கிலிருந்தா வருகிறீர்கள்?" என்றார். தாம் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர் என்றும் கூறினார். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ் நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணிநேரமே. 70,000க்கு மேற்பட்டோர் அவ்வாறு வீடிழந்தனர். அவர்களுட் பெருந்தொகையினருக்குப் புத்தளமே புகலிடமாயிற்று.

"அங்கே உங்களுக்கு வளவு இருக்கிறதா, நானா?" என்று துணைவியார் கேட்டார்.

"இருக்கிறது, மகள். வருடத்துக்கு ஒருமுறை போய் வேலி அடைத்துவிட்டு வருவேன்."

"அதில் யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை. பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், அவர்கள் புத்தளத்துக்காரர்."

"அப்படியானால் வேலிக்குச் செலவழிப்பது ஏன்?"

அவர் தேநீரை ஆற்றியபடியே சொன்னார்: "வேலி கட்டும்போது இந்தப் பக்கம் நான் நிற்பேன், அந்தப் பக்கம் அயல்வீட்டுக்காரர் நிற்பார். ஒரு நாள் முழுவதும் கதைத்துக்கொண்டு கட்டுவோம். வேலி இல்லையென்றால் எதைச் சொல்லிக்கொண்டு அங்கே போவேன், மகள்?"

தேநீருக்குக் காசு வாங்க அவர் மறுத்தார். துணைவியார் காருக்குச் சென்று, யாழ்ப்பாணத்தில் வாங்கிய பனங்கட்டிக் குட்டான் இரண்டை எடுத்துவந்து கொடுத்தார்.

அன்றிரவு சிலாபத்தில் தங்கி, மூன்றாம் நாட் காலையில் முன்னேச்சரத்தை வணங்கிப் புறப்பட்டோம். நீர்கொழும்பு வரை துணைவியார் ஒன்றும் பேசவில்லை. கடற்கரையோரத்தில் மீன்களைப் பரப்பிக் காயவைத்திருந்த இடத்தைக் கடக்கும்போது, திடீரென்று, "நாங்கள் அவனுடைய பங்கை வாங்குவோம்" என்றார்.

"நேற்று முன்தினம் தம்பியைத்தான் பார்க்க வேண்டும் என்றீரே?" என்றோம்.

"அதற்காகத்தான் சொல்கிறேன். நாங்கள் போனால் இரண்டு கிழமை, பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். வளவை விற்றுவிட்டால் அவன் இங்கே வருவதற்கு ஒரு காரணமும் இராது. ஜிந்துப்பிட்டி எங்கள் வீடு. அவனுக்கு அது விருந்தாளி வீடு. அந்த நானா சொன்னதைக் கேட்டீர்கள்தானே? ஊருக்குப் போவதற்கு மனிதனுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்."

நாம் சிறிது யோசித்தோம். றைன் நதியும் சுவிற்சர்லாந்து மலைகளும் எமது மனக்கண் முன் வந்து போயின. அவற்றைக் காணும் ஆசை எமக்கு இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் துணைவியார் சொன்ன கணக்கில் பிழை காண முடியவில்லை. "சரி" என்றோம். அதற்குமேல் அதைப் பற்றி நாம் விவாதிக்கவில்லை. வத்தளையிலிருந்து களனிப் பாலம் வரை வாகனங்கள் நெருக்கி நின்றன. அந்த நெருக்கத்திலும் எமக்குச் சலிப்பு உண்டாகவில்லை.

வீடு வந்த அன்றிரவே தம்பியாருக்குச் செய்தியைச் சொன்னோம். தேர் முடிந்து அவரும் ஊர் திரும்பியிருந்தார். சிறிது நேரம் மறுமுனையிற் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம். பின்னர், "அத்தான், கிணற்றுத் தண்ணீர் இன்னும் நல்ல தண்ணீர்தானா?" என்று கேட்டார்.

"கல்லும் சருகும் நிறைந்து கிடக்கிறது, தம்பி. துப்புரவாக்கி இறைத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்றோம்.

"நான் வரும்வரை இறைக்க வேண்டாம்" என்றார் அவர்.