கேஸ் போடாத ஆள்

சிரிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு இடங்கள் வாய்த்தன. காலையில் வானொலி, ராத்திரியில் பஜார் பொதுக்கூட்டம்.

காலையில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் பேசுவார். 'இன்று ஒரு தகவல்'. அவசரமே இல்லாத குரல். ஏதோ ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு சிரிப்புத் துணுக்கில் கொண்டுவந்து இறக்குவார். அப்பா முகம் மழித்துக்கொண்டே கேட்பார். துணுக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவார், சிரித்தால் வெட்டிக்கொள்ளும் என்று. அந்தத் துணுக்குகளில் மாட்டிக்கொள்பவர் ஊர் பேர் இல்லாத ஒரு பேராசைக்காரர், ஒரு மறதிக்காரர், ஒரு அரைகுறைச் சாமியார். அமைச்சர் வரமாட்டார், கவுன்சிலர்கூட வரமாட்டார். இதை அவருடைய குறையாகச் சொல்லவில்லை. கொடுத்த எல்லைக்குள் நின்றுகொண்டு அவர் காட்டிய வித்தை இன்றைக்கும் யாருக்கும் கைவரவில்லை.

ராத்திரிக் கணக்கு வேறு. நோட்டீஸில் வெற்றிகொண்டான், தீப்பொறி ஆறுமுகம் என்று பெயர் இருந்தால் போதும், எதிர்க்கட்சிக்காரர்களும் டீக்கடை நிழலில் ஒதுங்கி நின்று கேட்பார்கள். இன்று ஸ்டாண்ட்-அப் காமெடி என்று டிக்கெட் போட்டு விற்பதை அந்தக் காலக் கழகப் பேச்சாளர்கள் ஒரு மைக், ஒரு சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை செய்தார்கள். எந்த வார்த்தையில் நிறுத்தினால் கூட்டம் வெடிக்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. முதலமைச்சரையும் மத்திய மந்திரியையும் பெயர் சொல்லியே கிழிப்பார்கள். சொந்தத் தலைவர் மேல் மட்டும் ஒரு தூசி விழாது. பெண் தலைவர்களைப் பற்றி அப்படிப்பட்ட மேடைகளில் பேசப்பட்டதையெல்லாம் இங்கே அச்சில் போட முடியாது. அதற்கும் கூட்டம் சிரித்தது. கூட்டத்தில் நானும் இருந்தேன்.

பிற்பாடு வானொலியிலேயே பேசும் வாய்ப்பு வந்தது. வீட்டுச் செலவில் சிக்கனம் பற்றிப் பத்து நிமிடப் பேச்சு. எழுதியபோது எங்கள் வார்டில் தேர்தலுக்குத் தேர்தல் தோண்டப்படும் சாக்கடையைப் பற்றி நாலு வரி தானாக வந்து விழுந்தது. கவுன்சிலர் ஒருவர் சிக்கனத்தை ஊருக்குப் போதித்துவிட்டு மாடி மேல் மாடி கட்டுகிற கதை. நானே படித்து நானே சிரித்தேன். சுத்தப் பிரதி எடுக்கும்போது அதை நானே எடுத்துவிட்டேன். ஒலிப்பதிவுக்கு முன் எழுத்துப் படியைப் படித்த அதிகாரி ஒரு வார்த்தையைக்கூட அடிக்கவில்லை. அடிப்பதற்கு நான் எதையும் வைக்கவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அகில இந்திய வானொலிக்கென்று ஒலிபரப்பு நெறிமுறை ஒன்று இருக்கிறது. நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது, மதங்களைத் தாக்கக் கூடாது, ஆபாசமும் அவதூறும் கூடாது, இதுவரைக்கும் சரி. அரசியல் கட்சி எதையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மத்திய மாநில அரசுகளைப் பகைமையோடு விமர்சிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. 'பகைமை' எங்கே ஆரம்பிக்கிறது என்று யார் சொல்வது? நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு நிகழ்ச்சி ஒன்றில் பாட மறுத்த கிஷோர் குமாரின் பாடல்களே வானொலியில் நின்றுபோயின. அவர் யாரையும் விமர்சிக்கக்கூட இல்லை, வரமாட்டேன் என்றார், அவ்வளவுதான். 1997இல் பிரசார் பாரதி நடைமுறைக்கு வந்து, வானொலி தன்னாட்சி பெற்றதாகக் காகிதத்தில் ஆயிற்று. 2024 மக்களவைத் தேர்தலில் கட்சிகளுக்கு ஒதுக்கிய நேரத்தில் பேச வந்த மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்தே சில சொற்களை நீக்கச் சொன்னார்கள். சட்டங்களைக் 'கொடுமையானவை' என்று சொன்னதும் அவற்றில் ஒன்று. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் தேர்தல் நேரத்தில் அரசின் சட்டத்தைக் கொடுமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்?

தனியார் பண்பலை வந்ததும் எல்லாம் மாறும் என்று நினைத்தோம். 2011 கொள்கைப்படி அவர்கள் சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். தொலைக்காட்சியில் நாள் முழுக்கக் கத்தலாம், செல்பேசியில் யாரும் எதையும் பரப்பலாம், ரேடியோவில் மட்டும் உள்ளூர்ச் செய்தி ஆபத்து! மணிக்கு 10 நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே பரிந்துரை செய்தது. அரசியல் பேச முடியாத ரேடியோ எதை வைத்துச் சிரிக்க வைக்கும்? மனைவி சமையல், மாமியார் குறட்டை, குண்டாக இருக்கும் நண்பன், போனில் ஏமாற்றப்படும் அப்பாவி. மேலே போக வழி அடைத்தால் சிரிப்பு கீழே இருப்பவர்கள் மேல்தான் கொட்டும்.

இதை இன்றைக்கு இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

சென்னையில் ஒரு காபிக் கடை மாடியில் ஓப்பன் மைக். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசலாம். எனக்கு வயது கொஞ்சம் அதிகம். சுற்றி நின்ற பையன்கள் 'சார்' போட்டார்கள். இரண்டு தலைவர்களைப் பற்றியும் அவர்களுடைய கூட்டணி மாற்றங்களைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன். மேடைக்குப் போகுமுன் வழக்கம்போல எட்டிப் பார்த்தேன், யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் கையில் போன் இருக்கிறது என்று. எல்லார் கையிலும் இருந்தது. தலைவர்களை விட்டுவிட்டு மனைவியைப் பற்றிப் பேசினேன். அவளுடைய பக்தி, அவளுடைய வாட்ஸ்அப் குழு, அவள் வண்டி ஓட்டும் அழகு. நன்றாகவே சிரித்தார்கள். அவளும் அங்கேதான் இருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் பேசவே இல்லை. வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டே, "கூட்டணி ஜோக்கைத் தூக்கிட்டு என்னைப் போட்டுட்டீங்க. நான் கேஸ் போட மாட்டேன்னு தைரியம், அதானே?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பால் கணக்குக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னதில் பாதிதான் என் தவறு. மீதிப் பாதி பயத்துக்குக் காரணம் இருந்தது. 2021 புத்தாண்டு நாளில் இந்தூரில் நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபரூக்கியை நிகழ்ச்சியிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது பிப்ரவரி ஆகியிருந்தது. 2025 மார்ச்சில் இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா ஒரு பாட்டில் 'துரோகி' என்றார், பெயர் சொல்லவில்லை. சிவசேனைத் தலைவர் ஏக்நாத் ஷிண்டேயைத்தான் சொன்னார் என்று அவருடைய கட்சிக்காரர்கள் மும்பை கார் பகுதியில் அந்த நிகழ்ச்சி பதிவான ஹேபிடாட் அரங்கத்தை உடைத்தார்கள். மறுநாள் மாநகராட்சியே சுத்தியலோடு வந்தது, விதிமீறல் கட்டுமானமாம். கம்ரா விழுப்புரம் மாவட்டத்துக்குக் குடிவந்திருந்ததால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து இடைக்கால முன்ஜாமீன் வாங்கினார். மகாராஷ்டிர அரசியல் நகைச்சுவைக்கு விழுப்புரத்து முகவரி கைகொடுத்தது என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். ஆனால் இங்குள்ள ஒரு கட்சித் தலைவரை அவர் அப்படிப் பாடியிருந்தால் எந்த மாநிலத்துக்குப் போயிருப்பார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய கழகப் பேச்சாளர் மேலும் வழக்குகள் பாய்ந்தன. ஆனால் அவருக்கு வக்கீல் வைக்கக் கட்சி இருந்தது. வெளியே வந்தால் மாலை போட ஆள் இருந்தது. மாடிக் காபிக் கடையில் நிற்பவனுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருக்கிறது. அவனால் மட்டும்தான் இரண்டு பக்கத்தையும் கிண்டல் செய்ய முடியும் என்பதும் அதனால்தான்.

பொது வானொலி இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும். மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் ஓடும் பிபிசி ரேடியோ 4இல் 'தி நியூஸ் க்விஸ்' 1977இல் தொடங்கியது. பிரதமர் யாராயிருந்தாலும் வாரச் செய்தியை வைத்து வறுத்தெடுக்கிறார்கள். அமெரிக்காவின் நேஷனல் பப்ளிக் ரேடியோவில் 1998 முதல் 'வெயிட் வெயிட்... டோன்ட் டெல் மீ' இருக்கிறது. அங்கும் நிரந்தரப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. ஒருதலைப்பட்சம் என்று குற்றம் சாட்டி, பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த அமெரிக்க வானொலியின் அபிமானிகளில் பெரும்பாலோர் ஒரே சாய்வுள்ளவர்கள் என்பதும் உண்மைதான்; நானே இணையத்தில் கேட்கும்போது டிரம்ப் ஜோக்குக்குச் சிரிக்கிற அளவுக்கு மற்றவர் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. அந்த விஷயத்தில் நான் இன்னும் பஜார் கூட்டத்துப் பையன்தான்.

ஆட்டோ இரவுக்குப் பிறகு மறுபடியும் அதே மாடிக்குப் போனேன். இந்தத் தடவை எங்கள் குடும்பம் காலங்காலமாக ஓட்டுப் போடும் கட்சியை எடுத்துக்கொண்டேன். அப்பா சட்டைப் பையில் வைத்திருந்த தலைவர் படம், அந்தத் தலைவரின் வாரிசுகள், வாரிசுகளின் வாரிசுகள். முன்வரிசையில் ஒரு மேசை முழுக்க இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது. முடிந்ததும் அதிலிருந்து ஒருவர் வந்து, "அண்ணே, நீங்க நம்ம ஆளுன்னு நெனச்சேன்" என்றார். ஆமாம், உங்க ஆளுதான் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை, படம் எடுத்துப் போடவும் இல்லை. இந்த ஊரில் அதுவே நல்ல விமர்சனம்.

அரசிடம் கேட்க எனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. பண்பலைக்குச் செய்தி சொல்லும் உரிமையைக் கொடுங்கள். வானொலி நெறிமுறையில் அரசைப் பகைமையோடு விமர்சிக்கக் கூடாது என்ற வரியை எடுங்கள். வாசகர்களிடம் கேட்க ஒன்றுதான். உங்கள் தலைவரைக் கிண்டல் செய்கிற நிகழ்ச்சிக்கு ஒரு முறை காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போய் உட்காருங்கள். சிரிப்பு வராவிட்டால் சிரிக்க வேண்டாம், எழுந்துகூடப் போகலாம். அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போங்கள், காவல் நிலையத்துக்கு வேண்டாம்.