கூரைக்குள் ஓட்டம்

தடகளம் என்றாலே வெட்டவெளி என்றுதான் நாம் நினைத்திருந்தோம். கூரைக்குள்ளும் ஓடுவார்கள் என்று நமக்குச் சொன்னவள் கடைசி இருக்கை மாணவி ஒருத்தி. மாதனூர்ப் பெண், பாலாற்று மணலில் ஓடிப் பழகியவள், நானூறு மீட்டர்க்காரி.

"ரெண்டு சுத்து ஐயா. வளைவுல தரையே சாஞ்சிருக்குமாம்" என்றாள்.

பிறகுதான் தேடிப் படித்தோம். வெளியரங்கில் ஒரு சுற்று 400 மீட்டர், உள்ளரங்கில் 200. வளைவு இறுக்கமானது என்பதால் வெளித்தடத்தை உயர்த்திச் சரிவாக அமைக்கிறார்கள். முதற்சுற்று முடியும்வரை அவரவர் தடம். பின்னர் எல்லோரும் உட்தடத்துக்குப் பாய்வார்கள். அங்கே முந்திவிட்டவளைக் கடப்பது எளிதன்று. 200 மீட்டர் ஓட்டத்தில் உட்தடம் கிடைத்தவர் பாடு பெரும்பாடு. 2004க்குப் பின் உலக உள்ளரங்கப் போட்டியிலிருந்து அதை எடுத்தேவிட்டார்கள். (எந்தத் தடம் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. வகுப்பறையிலும் இதைப் பார்க்கிறோம்.)

2023 பிப்ரவரியில் அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 7.97 மீட்டர், பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டுதலில் 16.98, பவித்ரா வெங்கடேஷ் கோலூன்றித் தாண்டுதலில் 4. மூவரும் தமிழ்நாட்டவர், மூவருக்கும் வெள்ளி. இந்தியாவின் முதல் உள்ளரங்கத் தடகள அரங்கம் அமைந்தது புவனேசுவரத்துக் கலிங்கா வளாகத்தில். அங்கே ஒருநாள் ஓடவேண்டும் என்பது அவள் ஆசை.

மாநிலத் தேர்வுக்கு நான்கு நாள் விடுப்புக் கேட்டாள். அகமதிப்பீட்டுத் தேர்வு நெருங்கிய நேரம். நாம் மறுத்தோம், அம்மாவை அழைத்து வரச் சொன்னோம். கண்டிப்பு என்று நாம் கருதிய அது, சோம்பலன்றி வேறில்லை. மறுதேர்வு வைப்பது நமக்கு ஒரு பிற்பகல் வேலை, அவ்வளவே.

காலணித் தொழிற்சாலையில் அரைநாள் கூலியை விட்டு அம்மா வந்தார். விரல்களில் பசை காய்ந்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஓடி என்னா கெடைக்கும்னு எனக்குத் தெரியாது சார். லீவு குடுக்கலன்னு ரெண்டு நாளா அது ஓடவேயில்ல. அதான் வந்தேன்."

விடுப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டோம். கை சற்றே நடுங்கிற்று.

அன்று மாலை பேருந்துக்குக் காத்திருந்தபோது ஏரிக்கரையில் அவளைக் கண்டோம். கரையின் மேலே பாதை இருக்க, சரிவில் ஓடிக்கொண்டிருந்தாள். இடக்கால் தாழ, வலக்கால் உயர, உடலை உள்ளே சாய்த்து. கரை முடிந்ததும் மேலேறி, நடந்தே தொடங்கிய இடத்துக்குத் திரும்பி, மறுபடியும் அதே பக்கமாக ஓடினாள்.