விரலுக்குப் பதில் ஒரு மூங்கில் பத்தை

மேற்குத் தொடர்ச்சி மலையை ஆரியங்காவுக் கணவாயில் கடந்து கிழக்கே இறங்கும் சாலையும், 1904ஆம் ஆண்டில் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு ஓட்டம் தொடங்கிய ரயில் பாதையும், 1956 நவம்பர் முதல் தேதி வரையில் மலைக்கு அப்பாலுள்ள ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த இந்த ஊரை மரவியாபாரத்துக்கு உகந்த வாசலாக ஆக்கிவிட்டன. தேக்கும் மருதும் வந்த அதே வழியில் இப்பொழுது ரப்பர் மரமும் ஏராளமாக வருகிறது. 1902இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தோட்டப் பயிராக ஊன்றப்பட்ட அந்த அந்நிய விருட்சம், இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த பிறகு வெட்டுண்டு, பட்டையில் பழைய கத்திக் கீறல்களின் தழும்போடு லாரியேறி வந்து, இங்குள்ள அறுவை ஆலைகளில் பலகையாகி, பலகையிலிருந்து சரக்குப் பெட்டியாகிறது. அப்படிப் பெட்டி அடிக்கும் கொட்டகை ஒன்றுக்கு நான் அடிக்கடி போய்வரும் சந்தர்ப்பம் வாய்த்தது. பெட்டிகளைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் என் கண் பெரும்பாலும் அவற்றை அடிப்பவர்களின் இடது கையிலேயே நின்றது.

கொட்டகை என்பது நான்கு புறமும் திறந்த தகரக் கூரை. ஒரு கோடியில் வட்டவாள் ஓயாமல் அலறிக்கொண்டிருக்கும். அதனருகே போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த தொட்டி ஒன்று உண்டு. பால்போல வெளுத்த ரப்பர்ப் பலகையை அந்தக் கரைசலில் முக்காமல் போட்டுவைத்தால் சில நாட்களிலேயே நீலம் பாய்ந்து பூசணம் பிடிக்கும், பிறகு துளைக்கும் வண்டு வந்து மாவாக்கிவிடும் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மறு கோடியில்தான் பெட்டி அடிப்பவர்கள் குந்தியும் நின்றும் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஆசாரிமார் அல்லர். உளியும் இழைப்புளியும் அவர்களுக்கு வேண்டியதில்லை. சுத்தியல் ஒன்று, ஆணி கொட்டிய தகரக் குவளை ஒன்று, கோணல் ஆணியைப் பிடுங்கக் குறடு ஒன்று. இவ்வளவே அவர்களுடைய ஆஸ்தி. ஆயினும் அந்த வேலையில் வித்தை இல்லை என்று நினைப்பவர்கள் அரைமணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

பலகை முற்றும் உலர்ந்து வருவதில்லை. ஈரம் உள்ள மரத்தில் நேராக அறைந்த ஆணி, மரம் காய்ந்து சுருங்கும்போது பிடி தளர்ந்துவிடும் என்பதற்காக அவர்கள் ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சிறிது சாய்த்து அறைகிறார்கள். பலகையின் ஓரத்தில் அறையும்போது கூர்முனை ஆப்பாக இறங்கி நார்களை இருபுறமும் தள்ளி வெடிக்கச் செய்யும். ஆகையால் ஆணியைத் தலைகீழாக நிறுத்தி அதன் முனையில் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிக்கொள்கிறார்கள். மழுங்கிய முனை நார்களை விலக்காமல் நசுக்கி அறுத்துக்கொண்டு இறங்குவதால் மரம் பிளப்பதில்லை. இதை எந்தப் புத்தகமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. இந்தக் காரியமெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்து, ஒரு தட்டில் ஆணி ஊன்றி, மறு அடியில் தலை பலகையோடு படிந்துவிடுகிறது.

அந்த முதல் தட்டிலேதான் ஆபத்து இருக்கிறது. ஓங்கி அடிக்கும் பெரிய அடியினால் விரல் நசுங்குவது அபூர்வம். ஏனெனில் அதற்குள் ஆணி தானே நின்றுவிட, விரல்கள் விலகிவிடுகின்றன. ஆணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு மெதுவாகத் தட்டுகிறோமே, மெதுவானது என்பதாலேயே மனம் அலட்சியமாக இருக்கும் அந்தத் தட்டுத்தான் குறி தவறி நகத்தின்மேல் விழுகிறது. "அடி ஆணிக்கு, தட்டு விரலுக்கு, அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே ஓர் இளைஞர் தம் இடது கையை எனக்கு விரித்துக் காட்டினார். பெருவிரல் நகம் பாதி கறுத்து, வேரிலிருந்து புது நகம் மேடும் பள்ளமுமாக முளைத்து வந்துகொண்டிருந்தது. சுட்டுவிரல் நகம் முன்னொரு காலத்தில் விழுந்து, திரும்ப முளைத்தபோது நடுவே பிளவோடு முளைத்திருந்தது.

நகத்தின் அடியில் இரத்தம் கட்டினால் அது பரவுவதற்கு இடமில்லை. மேலே நகம், கீழே எலும்பு. ஆகவே அந்த இடம் இதயத் துடிப்புக்கு ஏற்பத் தெறிக்கும். இரவில் தூக்கம் வராது. அதற்கு அவர்கள் செய்யும் வைத்தியம் கேட்பவரை நடுங்க வைப்பது: மெல்லிய ஆணி ஒன்றைத் தணலில் பழுக்கக் காய்ச்சி, நகத்தின்மேல் வைத்து, அது உருகித் துளை விழுந்ததும் கறுத்த இரத்தத்தை வெளியேற்றிவிடுகிறார்கள். நகத்துக்கு உணர்ச்சி இல்லாதபடியால் வலிப்பதில்லை, வலி உடனே தணிகிறது என்று ஒருவர் விளக்கினார். மருத்துவரும் ஏறக்குறைய இதே காரியத்தைத்தான் செய்கிறார், ஆனால் சுத்தமான கருவியால் செய்கிறார். துருப்பிடித்த ஆணியோடும் மண்ணோடும் புழங்கும் கைக்கு ரண ஜன்னித் தடுப்பூசியும் போடுகிறார். கொட்டகையில் அவை இரண்டும் கிடையா.

கைப்பழக்கத்தில் தேர்ந்தவர்கள் இந்த அபாயத்தைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்தவன் ஆணியின் அடிப்பாகத்தை, பலகையோடு ஒட்டிப் பிடிக்கிறான். அதுதான் பத்திரம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அனுபவசாலியோ உள்ளங்கை மேல்நோக்க, ஆணியின் தலைக்குச் சற்றுக் கீழே விரல் நுனிகளால் இலேசாகத் தாங்குகிறார். குறி தவறினால் முன்னவனுடைய விரல் சுத்தியலுக்கும் பலகைக்கும் நடுவே அகப்பட்டு நசுங்கும். பின்னவருடைய விரலின் சதைப்பற்றான பக்கத்தில் அடிபட்டு, கீழே இடைவெளி இருப்பதால் கை தாழ்ந்து ஒதுங்கிவிடும். நல்ல உபாயம்தான். ஆனால் ஓரங்குல ஆணிக்கு இது பயன்படாது. அவ்வளவு குட்டையான ஆணியில் தலையும் அடியும் விரலுக்கு ஒன்றே.

பெட்டியின் மூடிக்கு அடிப்பது அந்தக் குட்டை ஆணி. மூடி அடிக்கும் வேலை பெண்களுடையது. அவர்கள் உட்காரும் மூலையில்தான் நான் அந்தக் கருவியைக் கண்டேன். கருவி என்று சொல்லவும் கூசும்படி அவ்வளவு எளியது அது: ஒரு சாண் நீளமும் பெருவிரல் அகலமும் உள்ள மூங்கில் பத்தை, அதன் ஒரு நுனியில், இரும்பு அறுக்கும் வாளால் நீளவாக்கில் முக்கால் அங்குலம் கீறிய ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் ஆணியை நுழைத்தால் மூங்கிலின் இரு தாடைகளும் அதைக் கவ்விக்கொள்ளும். பத்தையின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, ஆணியைக் குறித்த இடத்தில் நிறுத்தி, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பத்தையைப் பின்னுக்கு இழுத்தால் பிளவு ஆணியை விட்டுவிட்டு வந்துவிடும். சுத்தியல் தவறி விழுந்தால் மூங்கிலின்மேல் விழும்; விரலோ அதற்கு ஐந்தாறு அங்குலத்துக்கு அப்பால் சௌக்கியமாக இருக்கும்.

இதைச் செய்து கொடுத்தவர் அந்தக் கொட்டகையிலேயே வயதில் மூத்த தொழிலாளி. பிளாஸ்டிக் கூடைகள் வராத காலத்தில் தக்காளிப் பெட்டி அடித்து வளர்ந்த கை அவருடையது. எளிய பொருளாயினும் அதில் அவர் காட்டிய சிரத்தை அற்பமானதன்று. மூங்கிலின் உட்புறச் சோற்றை முழுவதும் சீவி எறிந்துவிட்டு, புறத்தோலை ஒட்டிய வைரப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதில்தான் நெகிழ்ந்து திரும்பும் குணம் இருக்கிறது. பத்தையின் கனம் ஆணியின் உயரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. போனால் சுத்தியல் ஆணியை விட்டு மூங்கிலையே அடிக்கும். பிளவு அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தால் இழுக்கும்போது ஊன்றிய ஆணியும் ஆடி வெளியே வந்துவிடும்; தளர்ந்திருந்தால் ஆணி சாயும். பிளவு மேலும் கிழிந்து போகாமலிருக்க, அது முடியும் இடத்தில் ஒரு சிறு துளை போட்டு, அதற்குப் பின்னால் நூல்கயிற்றை இறுகச் சுற்றியிருந்தார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத் துண்டை ஒரு குச்சியில் ஒட்டிப் பார்த்ததாகவும், ஆணி அழகாக ஒட்டிக்கொண்டதென்றாலும் குவளையருகே போனால் பத்து ஆணி சேர்ந்து தொற்றிக்கொண்டு வந்தபடியால் அதைக் கைவிட்டதாகவும் சொன்னார். சில தேசங்களில் இதே காரியத்துக்குப் பிளாஸ்டிக் பிடிகளும், தலையில் காந்தம் பதித்த சுத்தியல்களும் கடையில் விற்கின்றன. மூங்கில் பத்தைக்கு விலையே இல்லை.

அப்படியானால் ஏன் அது பெண்களின் மூலையைத் தாண்டி வரவில்லை? பெட்டியின் உடலை அடிக்கும் ஆண்களில் ஒருவராவது அதைத் தொடுவதில்லை. "அது பிள்ளைகளுக்கும் பொம்பளைகளுக்கும் அண்ணாச்சி" என்றார் கறுத்த நகத்துக்காரர். முதலாளியும், "நான் வேண்டாம்னு சொல்லலை, அவுகளே பிடிக்க மாட்டேங்காவ" என்று கையை விரித்தார். கொதிக்கும் பாத்திரத்தை இடுக்கியால் இறக்குகிறவளை எந்த ஊரிலும் யாரும் பயந்தவள் என்று பரிகசிப்பதில்லை. சுத்தியலின் விஷயத்தில் மட்டும் வெறும் விரலை நீட்டுவது எப்படி ஆண்மையாயிற்று என்று யோசித்துக்கொண்டே நான் அவர்கள் வேலையைக் கவனித்தேன்.

கவனித்ததில் எனக்குத் தோன்றியது வேறு. கௌரவம் என்று அவர்கள் சொல்வது மேற்பூச்சு. உள்ளே இருப்பது கணக்கு. ஆண்களுக்குக் கூலி பெட்டிக்கு இவ்வளவு என்று. மூடி அடிக்கும் பெண்களுக்கோ நாட்கூலி. சிறு பெட்டி ஒன்றுக்கு நாற்பது ஆணிக்குக் குறையாது. விரலால் எடுத்து விரலாலேயே ஊன்றுவதைவிட, எடுத்த ஆணியைப் பத்தையில் நுழைத்து ஊன்றி இழுப்பதற்கு ஆணி ஒன்றுக்கு ஒரு விநாடி அதிகமாகிறது என்று வைத்துக்கொண்டால், பெட்டிக்கு நாற்பது விநாடி; நூறு பெட்டிக்கு நாலாயிரம் விநாடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். அந்த ஒரு மணி நேரத்துக் கூலியை யார் கொடுப்பார்? நகம் போனால் அது திரும்ப முளைக்கும் என்று பெட்டி அடிப்பவர் நினைக்கிறார். போன கூலி முளைப்பதில்லை. அவர் அறியாமையினால் விரலைக் கொடுக்கவில்லை, நன்றாக எண்ணிப் பார்த்தே கொடுக்கிறார். நாட்கூலி வாங்கும் பெண்களுக்கு அந்த விநாடி நஷ்டமில்லை. ஆகவே அவர்களால் தங்கள் விரலைக் காப்பாற்றிக்கொள்ள முடிகிறது. பெண்களின் பயந்த சுபாவம் என்று கொட்டகையில் சொல்லப்படுவது, என் அபிப்பிராயத்தில், கூலி முறையின் வித்தியாசமே.

சட்டம் இதில் அதிகம் உதவுவதாகத் தெரியவில்லை. தொழிலாளர் நஷ்டஈட்டுக்கென 1923இல் ஏற்பட்ட சட்டத்தின் அட்டவணை, பெருவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம் என்றும், சுட்டுவிரல் முழுவதும் போனால் 14 பங்கு என்றும் விரல் விரலாக மதிப்பிட்டு வைத்தது. துண்டாகிப் போன விரலுக்கு அதில் இடம் உண்டு. அடிக்கடி கறுத்து, விழுந்து, திரும்ப முளைக்கும் நகம் அந்த அட்டவணையில் ஏறுவதில்லை. இதே கொட்டகையில் அயல்நாட்டுக்குப் போகும் பெட்டிகளுக்கு இருக்கும் கட்டுப்பாட்டைப் பார்க்க வேண்டும். மரத்துக்குள் புழு பூச்சி ஒளிந்து தேசம் விட்டுத் தேசம் போய்விடக்கூடாது என்பதற்காக, மரத்தின் நடுப்பகுதி வரையில் 56 டிகிரி வெப்பம் ஏறி 30 நிமிஷம் நிலைத்திருக்கும்படி அவற்றைச் சூளையில் வைத்துச் சுட்டு, கோதுமைக் கதிர் பொறித்த முத்திரை குத்தினாலொழியத் துறைமுகத்தில் ஏற்கமாட்டார்கள். முத்திரை குத்துவதற்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த கையில் இரண்டு நகங்கள் இல்லை.

பக்கத்துக் கொட்டகையில் காற்றழுத்தத்தால் ஆணி எய்யும் 'கன்' வந்துவிட்டது. அங்கே ஆணியை யாரும் பிடிப்பதேயில்லை. பத்து ஆள் அடித்ததை மூன்று பேர் அடிக்கிறார்கள். அது கைதவறினால் நகத்தைக் கறுக்க வைப்பதோடு நிற்காது, உள்ளங்கையில் ஆணியையே இறக்கிவிடும் என்றாலும், முதலாளிகளின் மனம் அதன்மேல்தான் இருக்கிறது. இங்கேயும் அடுத்த ஆண்டு வாங்கப் போகிறார்களாம். பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். மூடிக்கு அது சரிப்படாது, அரை அங்குலச் சட்டத்தைப் பிளந்துவிடும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நாளெல்லாம் உபயோகித்தால் பத்தையின் பிளவு ஒரு மாதத்தில் தளர்ந்துவிடுகிறது. அப்பொழுது அவர் நுனியில் ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கீறிக் கொடுக்கிறார். இப்படி வெட்ட வெட்டக் குறுகி, பிடித்தால் விரல் சுத்தியலுக்கு எட்டிவிடும் என்ற அளவுக்கு வந்ததும் அதை ஆணி பிடிக்க யாருக்கும் கொடுப்பதில்லை. மூடியின் சட்டங்களுக்கு நடுவே காற்றுப் போக விடும் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டுமல்லவா, அதற்கு இடையில் செருகி அளவு பார்க்கும் துண்டாக அதை வைத்துக்கொள்கிறார்கள். பத்தையின் அகலத்தைப் பெருவிரல் அளவாக அவர் முதலிலேயே சீவி வைப்பது அதற்காகத்தான்.