காத்து எல்லாருக்கும்தான் அடிக்குது

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்ற பழமொழியை நாம எல்லாருமே பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். "வாய்ப்பு வரும்போதே பயன்படுத்திக்கொள்"ன்னு பொருள் எழுதி, ரெண்டு மார்க் வாங்கி, அதோட மறந்தும் போயிருப்போம். ஆனா உடுமலைப்பேட்டைக்காரங்க அதை அவ்வளவு சுலபமா மறக்க முடியாதுங்க. ஏன்னா எங்க ஊர்ல காத்துன்னா நிஜமாவே காத்து!

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக சுவர் மாதிரி நிக்குது. அதுல பாலக்காட்டுக்கிட்ட மட்டும் ஒரு பெரிய இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய் வழியா புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம்னு அடிச்சுத் தள்ளும். வைகாசிக் கடைசியில ஆரம்பிச்சா புரட்டாசி வரைக்கும் ஓயாது. ஆடியில டூவீலர்ல போனா வண்டி ஒரு பக்கம் போகும், வேட்டி ஒரு பக்கம் போகும் :) காயப்போட்ட துணி பக்கத்துத் தோட்டத்துல கிடக்கும். தலைமுறை தலைமுறையா எங்க பக்கம் இந்தக் காத்தைத் திட்டாதவங்க யாரும் இருந்திருக்க மாட்டாங்க.

தமிழ்நாட்டோட முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல வந்தது. அப்புறம் 1990-கள்ல எங்க பக்கமும் காத்தாடிகள் முளைக்க ஆரம்பிச்சுது. இன்னிக்கு பூளவாடி, குடிமங்கலம், பெதப்பம்பட்டின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்தாடிதான். சரி, அதையெல்லாம் நட்டவங்க யாரு? பெரும்பாலும் நூல் மில்காரங்க, பனியன் கம்பெனிக்காரங்க, அந்த மாதிரி ஆளுங்க.

ஏன் அவங்கன்னு யோசிச்சுப் பாருங்க. காத்து எல்லார் வீட்டு மேலயும்தான் அடிச்சுது. ஆனா மாசாமாசம் லட்சக்கணக்குல கரண்ட் பில் கட்டி வயிறு எரிஞ்சவங்க அவங்கதான். அதுக்கு மேல, காத்தாடி வாங்கினா முதல் வருஷமே நூறு சதவீதம் தேய்மானம் காட்டி வருமான வரியில கழிச்சுக்கலாம்னு 1990-கள்ல ஒரு சலுகையும் இருந்துச்சு. கரண்ட் பில்லையும் வரிக் கணக்கையும் கையில வச்சுக்கிட்டு வெளியே எட்டிப் பார்த்தவங்களுக்கு அடிக்கிற காத்து காசாத் தெரிஞ்சுது. நமக்கு துணி காயற காத்தாத்தான் தெரிஞ்சுது. அந்தக் காத்து அடிச்ச நிலத்துக்குச் சொந்தக்காரங்கள்ல நிறைய பேர், நிலத்துக்கு மட்டும் விலை பேசி வித்தாங்க. காத்துக்கும் ஒரு விலை உண்டுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை.

இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். வாய்ப்பைப் பார்க்கிற கண்ணு தனியா யாருக்கும் பிறவியில வர்றதில்லை. ஏதோ ஒரு இடத்துல திரும்பத் திரும்ப நஷ்டத்தை அனுபவிச்சவங்களுக்குத்தான் அந்தக் கண்ணு திறக்குது.

தென்னையையே எடுத்துக்குங்க. பொள்ளாச்சி, உடுமலை பக்கம் மட்டையில இருந்து நார் எடுக்கிற மில்லுக்குப் பக்கத்துல ஒரு காலத்துல நார்க்கழிவு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். மழை பெஞ்சா செவப்பா தண்ணி வடியும். அதை அள்ளிட்டுப் போனாப் போதும்னு இருந்தாங்க. அதே கழிவைக் கழுவி, உப்பை எடுத்து, காய வச்சு, அஞ்சு கிலோ கட்டியா அழுத்தி இன்னிக்கு வெளிநாட்டுக்குக் கப்பல்ல அனுப்பறாங்க. மண்ணே இல்லாம செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடாரங்களுக்கு அது தேவைப்படுது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிற குணம் அதுக்கு எப்பவும்தான் இருந்துச்சு. குப்பையா கிடந்தப்பவும் இருந்துச்சு!

இப்ப கோழிக் கதைக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதுக்காகத்தான்.

சுகுணா நிறுவனத்தைத் தெரியாதவங்க கொங்கு நாட்டுல இருக்க மாட்டாங்க. அது பிறந்தது உடுமலையில. பி. சௌந்தரராஜன், ஜி.பி. சுந்தரராஜன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1984-ல ஆரம்பிச்சது. சௌந்தரராஜன் காலேஜ் போனவர் இல்லை. குடும்ப நிலத்துல விவசாயம் பண்ணி நஷ்டப்பட்டு, ஐதராபாத்துல ஒரு பம்புசெட் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டு, அப்புறம் ஊர் திரும்பி கோழித் தொழிலுக்கு வந்தவர். ஆரம்பத்துல அவங்க செஞ்சது சாதாரண வியாபாரம்தான். கோழி வளர்க்கறவங்களுக்குத் தீவனம், மருந்து மாதிரி சாமான் கொடுக்கிறது.

அந்த வியாபாரத்துல இருந்ததால அவங்களுக்கு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. விவசாயிக்குக் கோழி வளர்க்கத் தெரியும். ஆனா குஞ்சு வாங்க, தீவனம் வாங்கக் கடன் வாங்கணும். நாப்பது, நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு கோழி எடைக்கு வர்றப்ப விலை விழுந்துட்டா அந்தக் கடன் அப்படியே தலையில உட்காரும். அவர் பண்ணையை மூடிட்டா, அவருக்கு சாமான் கொடுத்தவங்களுக்கும் பாக்கி வராது. அதாவது விலை ஏறி இறங்கற பாரத்தைத் தாங்கவே முடியாத ஆள் தலையில அந்தப் பாரம் இருந்துச்சு.

1990 வாக்குல மூணே மூணு பண்ணைகளோட புது ஏற்பாடு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியோடது. ஷெட்டும் உழைப்பும் விவசாயியோடது. வளர்ந்த கோழியைக் கம்பெனியே எடுத்துக்கிட்டு, கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி கொடுத்துடும். மார்க்கெட்ல விலை ஏறினாலும் இறங்கினாலும் அது கம்பெனி பாடு. இன்னிக்கு 18 மாநிலங்கள்ல நாப்பதாயிரத்துக்கும் மேல விவசாயிகள் அவங்களோட வளர்க்கறதா நிறுவனம் கணக்கு சொல்லுது.

இது பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா எல்லாம் இனிப்பா இருக்காதுங்க. ஷெட் போட்ட கடன் விவசாயி பேர்லதான் இருக்கு. கரண்ட், ஆள் கூலி எல்லாம் ஏறிக்கிட்டே போகுது, வளர்ப்புக் கூலி அந்த அளவுக்கு ஏறலைன்னு பல்லடம், உடுமலை வட்டாரத்துப் பண்ணையாளர்கள் பல தடவை போராட்டத்துல இறங்கியிருக்காங்க. அவங்க கேக்கறதுல நியாயம் இருக்கு. ஆனா அந்தச் சண்டை, வர்ற வருமானத்தை எப்படிப் பங்கு போடறதுங்கிற சண்டை. வருமானம் நிஜம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அடுத்து வர்ற கதையில வருமானமே நிஜமில்லை.

ஈமு கோழி ஞாபகம் இருக்குங்களா? ஈரோடு மாவட்டம் பெருந்துறையில சுசி ஈமு ஃபார்ம்ஸ். பேப்பர், டிவின்னு சினிமா நட்சத்திரங்களை வச்சு விளம்பரம் தூள் பறந்துச்சு. ஒன்றரை லட்சம் கட்டினா ஆறு குஞ்சு கொடுப்பாங்க. மாசம் ஆறாயிரம். வருஷம் இருபதாயிரம் போனஸ். ரெண்டு வருஷம் கழிச்சு கட்டின பணம் திரும்ப வரும்.

நம்ம ஜனங்க ஏன் நம்பினாங்க? பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க. எனக்கு அது பத்தலை. பதினஞ்சு இருபது வருஷமா பக்கத்துத் தோட்டத்துக்காரர் இதே மாதிரிதான் கோழி வளர்க்கிறார். கம்பெனி குஞ்சு கொடுக்குது, கம்பெனியே எடுத்துக்குது, கூலியும் ஒழுங்கா வருது. அதையே பார்த்துப் பழகின கண்ணுக்கு ஈமு இன்னொரு பெரிய கோழியாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். "அன்னிக்கு பிராய்லரை விட்டோம், இதையாவது பிடிப்போம்"ங்கிற எண்ணம். காற்றுள்ளபோதே தூற்றப் போனாங்க. களத்துல கிடந்தது நெல்லா பதரான்னு பார்க்கலை.

ஒரு பென்சில் எடுத்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம் வாங்க. மாசம் ஆறாயிரம்னா வருஷத்துக்கு 72,000. போனஸ் 20,000 சேர்த்தா 92,000. ரெண்டு வருஷத்துக்கு 1,84,000. அசலையும் திருப்பிக் கொடுத்தாகணும். அப்ப நம்ம ஆறு பறவையை வச்சு கம்பெனி கூடுதலா 1,84,000 சம்பாதிச்சாத்தான் கையைக் கடிக்காது. ஒரு பறவைக்கு முப்பதாயிரத்துக்கும் மேல! அந்தக் காசை யார் கொடுப்பாங்க? உங்க ஊர் கறிக்கடையில ஞாயித்துக்கிழமை ஈமு கறிக்கு வரிசை நின்னு பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. சாப்பிட ஆளில்லாத கோழிக்கு மாசாமாசம் பணம் வருதுன்னா, அது அடுத்து சேர்ற ஆள் கட்டற ஒன்றரை லட்சத்துல இருந்துதான் வரணும்.

2012 ஆகஸ்ட்ல எல்லாம் சரிஞ்சுது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை விட்டாங்க. தீவனம் இல்லாம தவிச்ச பறவைகளுக்கு அரசாங்கமே தீவனம் போட வேண்டி வந்துச்சு. திருப்பூர்லயே அதுக்கு முன்னாடி 2008, 2009-ல பாசி ஃபாரெக்ஸ்னு ஒண்ணு நடந்துச்சு. அந்நியச் செலாவணி வியாபாரம்னு சொல்லி வசூலிச்ச வழக்கு, சுமார் 930 கோடி. 2022 ஆகஸ்ட்ல கோயமுத்தூர் கோர்ட் அதன் இயக்குநர்கள் ரெண்டு பேருக்கு 27 வருஷம் தண்டனை கொடுத்துச்சு. தீர்ப்பு வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு நீங்களே கழிச்சுப் பார்த்துக்குங்க. அதுக்குள்ள அந்தப் பணத்தை நம்பி வச்சிருந்த கல்யாணம், காலேஜ் ஃபீஸ், வைத்தியம் எல்லாம் என்ன ஆகியிருக்கும்?

ஆக, வாய்ப்பை அடையாளம் காணற பார்வைன்னா அதுல ரெண்டு பாதி இருக்கு. வாய்ப்பு இல்லைன்னு எல்லாரும் நினைக்கிற இடத்துல அதைப் பார்க்கிறது ஒரு பாதி. இருக்குன்னு எல்லாரும் ஓடற இடத்துல அது இல்லைங்கறதைப் பார்க்கிறது மறு பாதி. தன்னம்பிக்கைக் கூட்டங்கள்ல முதல் பாதியை மட்டும்தான் சொல்லித் தர்றாங்க. "துணிஞ்சவனுக்கே வெற்றி"ன்னு கை தட்டச் சொல்றாங்க. ஈமுவுல பணம் போட்டவங்களுக்குத் துணிச்சல் குறைவா என்ன?

திருப்பூர்ல வேலை பார்த்துக்கிட்டே "சொந்தமா ஏதாவது பண்ணணுங்ணா, என்ன பண்ணலாம்?"னு கேக்கற தம்பிங்க நிறைய பேர். அவங்களுக்கு நான் சொல்றது மூணே கேள்விதான்.

ஒண்ணு, கடைசியில காசு யார் பாக்கெட்ல இருந்து வருது? கோழிக்கறி வாங்கறவர், கட்டி வாங்கற வெளிநாட்டுத் தோட்டக்காரர், டீ-ஷர்ட் போட்டுக்கறவர்னு ஒரு ஆளைக் கையை நீட்டிக் காட்ட முடியணும். "அடுத்து சேர்றவங்க"ன்னு பதில் வந்தா எழுந்து வந்துடணும்.

ரெண்டு, நஷ்டம் வந்தா யார் தலையில விழும்? பிராய்லர்ல குஞ்சுக் காசு கம்பெனி போட்டுச்சு. ஈமுவுல குஞ்சுக் காசு நம்மகிட்ட வாங்கினாங்க. வித்தியாசம் முழுக்க அந்த ஒரு வரியில இருக்குங்க. எவ்வளவு லாபம்னு சொல்றவர், தன் காசு எவ்வளவு உள்ள இருக்குன்னும் சொல்லணும்.

மூணு, இதுல எந்தக் கஷ்டத்தை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்? செக்கிங்ல உட்கார்ந்து தினமும் துணியில ஓட்டை பார்க்கிற பையனுக்கு, எந்த மிஷின்ல எதனால அந்த ஓட்டை விழுதுன்னு தெரியும். கட்டிங்ல நிக்கிற பையனுக்கு எவ்வளவு துணி வேஸ்ட்டாப் போகுதுன்னு தெரியும். அதுக்கு வழி கண்டுபிடிச்சா வாங்கறதுக்கு முதலாளிங்க காத்துக்கிட்டு இருக்காங்க. ஆனா அதே பையன் சாயங்காலம் ஆனா செல்போன்ல, கண்ணுல பார்க்காத ஊர்ல பார்க்காத ஏதோ ஒண்ணுல ரெண்டே மாசத்துல பணம் இரட்டிப்பாகும்னு வர்ற வீடியோவைப் பார்த்துக்கிட்டு இருக்கான்.

தம்பி, அந்த வீடியோவை மூடிட்டு, நாளைக்கு ஷிஃப்ட்ல உன் மேஸ்திரி எதுக்காகத் தலையில அடிச்சுக்கறார்னு ஒரு நாள் மட்டும் கவனிச்சுப் பாரு. ஒரு சின்ன நோட்டு வாங்கி அதுல எழுதி வை. ஒரு மாசம் கழிச்சு அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வா, உட்கார்ந்து பேசலாம்.